கால்மைல் ஓட்டம்

மோட்டார் வண்டிகளின் பெயர்களை நம் மாணவர் அறிந்துள்ள அளவிற்குப் புலவர்களின் பெயர்களை அறிந்திலர். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. பேலியகொடையிற் கற்பிக்கும் எனக்கு இது பழகிப்போன செய்தி. மஸ்டாங், கமாரோ, சார்ஜர், சலஞ்சர் என அமெரிக்க வண்டிகளின் பெயர்கள் அவர்கள் நாவிற் சரளமாகப் புரள்கின்றன. இவற்றுள் எதற்கு எத்தனை பரிவலு, கால்மைல் தூரத்தை எது எத்தனை வினாடியிற் கடக்கும் என்பவற்றைத் தசமப் புள்ளி பிசகாமல் ஒப்புவிப்பர். கைப்பேசித் திரையில் அன்றி அவ்வண்டிகளை ஒருநாளும் கண்டறியாதவர்கள் அவர்கள். "இவை எந்த ஊரிற் செய்யப்பட்டவை? செய்தவர் யாவர்?" என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும்.

அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தால், டிட்ரொயிட் நகரிலே தொடங்கி நுவரெலியாவுக்கும் களுத்துறைக்கும் சென்னையின் புறத்தேயுள்ள ஊர்களுக்கும் செல்லவேண்டியிருக்கிறது.

முதலில் விளையாட்டின் இயல்பைக் கூறுதல் வேண்டும். டிராக் ரேஸ் எனப்படும் இப்போட்டியில் வளைவுகள் இல்லை, சுற்றுக்களும் இல்லை. இரண்டு வண்டிகள் அருகருகே அசையாது நிற்கும். நடுவே நாட்டப்பட்ட கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை விழுந்ததும் இரண்டும் பாயும். 1320 அடி, அதாவது ஏறத்தாழ 402 மீற்றர், கடந்ததும் ஓட்டம் முடிந்துவிடும். நல்ல வண்டிக்குப் பத்து, பன்னிரண்டு வினாடி வேலை. சனிக்கிழமை தகுதி காணும் ஓட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை நீக்கற் போட்டிகள். தோற்றவன் தன் வண்டியை இழுத்துக்கொண்டு வீடு திரும்பவேண்டியதுதான். பத்து வினாடிக்காக ஒருவன் ஆண்டு முழுவதும் உழைக்கின்றான் என்பது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை மூன்று மணிநேர வினாத்தாளில் அளக்கும் நாம் அதனைப் பார்த்து நகைக்க இடமில்லை.

இவ்விளையாட்டு 1930களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலே பிறந்தது. 1932இல் போர்ட் நிறுவனம் மலிவான வி-8 இயந்திரத்தைச் சந்தைக்கு விட்டது. அதனைப் பழைய கூடுகளிற் பொருத்தி, வேண்டாத தகடுகளைக் கழற்றி வீசி, வேகம் பார்த்தவர்கள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கராஜ்களில் வேலை செய்தவர்களும், கையிற் காசில்லாதவர்களும், கைத்திறன் மட்டும் உடையவர்களுமாகிய இளைஞர் அவர்கள். பின்னர் உலகப் போர் வந்தது. அவர்களுட் பலர் படையிற் சேர்ந்து விமான இயந்திரங்களையும் டாங்கி இயந்திரங்களையும் பழுதுபார்க்கக் கற்றனர். போர் முடிந்தபோது திறமை மிகுந்திருந்தது. கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளும் மிகுந்திருந்தன. இவ்விரண்டின் கூட்டே டிராக் ரேஸ். 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தலைமையில் தேசிய ஹொட் ரொட் சங்கம் அமைந்தது. 1955இல் அச்சங்கம் தன் முதலாவது தேசியப் போட்டியை நடத்திய இடம் கன்சாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்ட். அதுவும் போர்க்காலத்தில் பெருங் குண்டுவீச்சு விமானங்களுக்கான பயிற்சித் தளமாக இருந்ததே.

இதுவரை இது கைத்தொழிலாளனின் விளையாட்டு. கம்பனிகள் நுழைந்ததும் கதை மாறுகின்றது.

1957இல் அமெரிக்க மோட்டார் உற்பத்தியாளர் யாவரும் கூடிப் பந்தயங்களிலிருந்து விலகுவதாகத் தீர்மானம் நிறைவேற்றினர். வேகத்தை விளம்பரப்படுத்துவது பொறுப்பற்ற செயல் என்ற கண்டனம் எழுந்திருந்த காலம் அது. தீர்மானத்தின் மை உலருமுன்னரே பின்வாசல் வழியாக உதிரிப்பாகங்கள் போட்டியாளருக்குச் செல்லத் தொடங்கின. ஞாயிறன்று எந்த வண்டி வென்றதோ அதனையே திங்களன்று மக்கள் கேட்டு வருவர் என்பதை விற்பனையாளர் அறிந்திருந்தனர். 1963 சனவரியில் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் பிரிவுகள் அனைத்தையும் பந்தயத்தை விட்டு விலகும்படி மீண்டும் கட்டளையிட்டது. அதன் விளைவு மிகச் சுவையானது. அக்கம்பனியின் பொன்டியாக் பிரிவு, தன் நடுத்தர வண்டியாகிய டெம்பெஸ்டில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இயந்திரம் பொருத்தலாகாது என்ற உள்விதியை மீறவில்லை. 389 கன அங்குல இயந்திரத்தை வாங்குபவர் விரும்பினாற் பெறத்தக்க 'மேலதிக வசதி'யாகப் பட்டியலில் எழுதிவிட்டது! 1964இல் வந்த அந்த ஜி.டி.ஓ. வண்டி முதலாண்டிலேயே 32,000க்கு மேல் விற்பனையாயிற்று. அதன் பின்னரே 'மசில் கார்' என்னும் பெயர் நிலைத்தது. 'தசைவலி வண்டி' என்று தமிழாக்கிப் பார்த்தேன், மாணவர் சிரித்துவிட்டனர். ஆகவே பழைய பெயரே இருக்கட்டும்.

போர்ட் நிறுவனம் அதே ஆண்டில் தண்டர்போல்ட் எனும் வண்டியை நூறளவிற் செய்தது. முன்பாகங்களைக் கண்ணாடி இழையால் ஆக்கி, வானொலி முதலியவற்றை நீக்கி, பாரத்தைக் குறைத்துக் கால்மைலுக்கென்றே பிறந்த வண்டி அது. கிறைஸ்லர் நிறுவனம் 426 கன அங்குல 'ஹெமி' இயந்திரத்தை வெளியிட்டது. 1969இல் செவ்ரோலே செய்தது இவை எல்லாவற்றையும் விஞ்சியது. டாக்சிகளுக்கும் பொலிஸ் வண்டிகளுக்கும் சிறப்புக் கட்டளை எழுதுவதற்கென அக்கம்பனியில் ஒரு படிவம் இருந்தது. அதே படிவத்தைப் பயன்படுத்தி, இலினோய் மாநிலத்துச் சிற்றூர் வியாபாரி ஒருவர் அலுமினிய இயந்திரம் பூட்டிய கமாரோ வண்டிகளை வரவழைத்தார். இவ்வகையில் ஆக 69 வண்டிகளே செய்யப்பட்டன. ஒவ்வொன்றின் விலையும் 7,000 டொலருக்கு மேல். வாங்குவாரின்றி வியாபாரி பெரும்பாலானவற்றைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அன்று விலைபோகாத அதே இரும்பு இன்று ஏலங்களில் இலட்சக்கணக்கான டொலருக்குப் போகின்றது. பண்டத்தின் மதிப்பு அதிற் செறிந்த உழைப்பினின்றும் எவ்வளவு தூரம் விலகிப்போகக்கூடும் என்பதற்கு இதனிலும் தெளிந்த எடுத்துக்காட்டு நான் அறியேன்.

இனி, செய்தவர் யாவர் என்ற வினாவுக்கு வருவோம்.

டிட்ரொயிட் மாநகரத்தால் சூழப்பட்ட ஹம்ராமிக் என்ற சிறு நகரில் 'டொட்ஜ் மெயின்' எனப்படும் கிறைஸ்லர் தொழிற்சாலை இருந்தது. நம் மாணவர் போற்றும் சலஞ்சர் வண்டியின் முதற் பிறப்பிடங்களில் அதுவும் ஒன்று. அங்கே உழைத்தவருட் பெருந்தொகையினர் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள். சூடும் புகையும் நிறைந்த கடினமான வேலைகள் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டன. மேற்பார்வைப் பதவிகள் வெள்ளையருக்கு. விற்பனை பெருகப் பெருக, நிர்வாகம் ஆட்களைக் கூட்டுவதற்குப் பதிலாக ஓடும் பட்டையின் வேகத்தைக் கூட்டியது. ஒரு வண்டிக்குச் செலவிடும் நிமிடங்கள் குறைந்தன. கைவிரல்கள் நசுங்குவது கூடியது.

1967 யூலையில் டிட்ரொயிட் நகரம் கொந்தளித்தது. பொலிசாரின் நள்ளிரவுச் சோதனை ஒன்றிலே பற்றிய தீ ஐந்து நாள் எரிந்து, 43 உயிர்களைக் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டு மே 2ஆம் நாள், டொட்ஜ் மெயினின் தொழிலாளர் பட்டையின் வேகத்தை எதிர்த்து வேலையை நிறுத்தி வெளியேறினர். கறுப்பரும் வெள்ளையரும் கூடி வெளியேறினராயினும் தண்டனை கறுப்பர் மீதே மிகுதியாக விழுந்தது. வேலை நீக்கப்பட்டவருள் ஜெனரல் பேக்கர் என்பவர் ஒருவர். ('ஜெனரல்' என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர், படைப் பட்டமன்று.) அவரும் தோழர்களும் அமைத்த டொட்ஜ் புரட்சித் தொழிற்சங்க இயக்கம், கம்பனியை மாத்திரமன்றித் தம் குரலைச் செவிமடுக்காத பழைய தொழிற்சங்கத் தலைமையையும் எதிர்த்து நின்றது. அதே ஆண்டுகளில் அதே நகரத்தின் வூட்வேர்ட் நெடுஞ்சாலையில், புறநகர் வீடுகளின் இளைஞர் இரவுதோறும் மசில் கார்களைப் போட்டிக்கு விட்டனர். கம்பனிப் பொறியியலாளரும் தம் புதிய வண்டிகளை அங்கே கொணர்ந்து சோதித்ததுண்டு. வேகத்தைக் கூட்டுவதற்கு ஒருவன் பரிசு பெற்றான். குறைக்கச் சொன்னவன் வேலையை இழந்தான்.

மசில் காரின் முதற் காலம் நீடிக்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறிற்று. 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி எஞ்சியதை முடித்தது.

நிற்க. நம் நாட்டின் கதையைப் பேலியகொடையிலிருந்தே தொடங்கலாம். கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரிகின்ற இடம் இது. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் இதனருகே புறப்படுகின்றது. கண்டி வீதியை 1820களில் ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் அமைப்பித்தார் என்று பாடநூல் கூறும். மலையைக் குடைந்தவர் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்திற்குப் பிடித்துவரப்பட்ட குடியானவர். வீதியமைத்த பொறியியலாளர் டோசனுக்குக் கடுகண்ணாவையில் உயர்ந்த கோபுரம் நிற்கின்றது. குடியானவனுக்கு ஒரு கல்லும் இல்லை. பின்னர்க் கோப்பியும் தேயிலையும் மலைநாட்டை மூடியபோது, தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் தோட்டங்களையும் தோட்டப் பாதைகளையும் அமைத்தனர்.

அத்தகைய பாதையொன்றிலேயே நம் நாட்டின் மிகப் பழைய மோட்டார்ப் போட்டி நிகழ்கின்றது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தோட்டத்து மேட்டுப் பாதையில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி அது. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, குறுகிய தூரத்தைக் கடிகாரத்தோடு போட்டியிட்டுக் கடத்தல் என்ற வகையில், கால்மைல் ஓட்டத்திற்கு நம்மிடமுள்ள நெருங்கிய உறவு இதுவே. ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தின்போது துரைமாரும் கொழும்புச் செல்வரும் குளிர் காய வந்த இடத்தில் எழுந்த பொழுதுபோக்கு.

1934 என்ற ஆண்டைச் சற்று நினைவு கூர்தல் தகும். அவ்வாண்டின் இறுதியிலே பரவிய மலேரியாக் கொள்ளைநோய் அடுத்த ஆண்டிற்குள் 80,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. கேகாலை, குருநாகல் கிராமங்களில் வீடு வீடாகப் பிணம் விழுந்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து அக்கிராமங்களுக்கு நடந்தனர்; அவ்வனுபவத்தின் சூட்டில் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. நாட்டில் மோட்டார் இருந்தது, பெற்றோல் இருந்தது, நல்ல வீதி இருந்தது. அவை எத்திசையில் ஓடின என்பதே கேள்வி. மகாகஸ்தோட்டையின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த தோட்டத் தொழிலாளியின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வண்டிகள் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தன.

போர் விட்டுச்சென்ற ஓடுபாதை நமக்கும் உண்டு. 1942இல் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது நகரத்துக் குதிரைப் பந்தயத் திடலே விமானத்தளமாக மாற்றப்பட்டிருந்தது. அதே காலத்தில் களுத்துறைக்கருகே கட்டுகுருந்தையில் பிரித்தானியக் கடற்படை ஒரு விமானத்தளம் அமைத்து, தரையிலிருந்த அதற்குக் கப்பலைப் போலவே 'உக்குஸ்ஸா' என்று பெயரிட்டது. சிங்களத்தில் கழுகு என்று பொருள். போர் ஓய்ந்தபின் கழுகு பறந்துபோன பாதையில் மொரிஸ், மினி வண்டிகள் ஓடின. குதிரை ஓடிய இடத்தில் விமானமும், விமானம் ஓடிய இடத்தில் பரிவலுவும்! பிற்காலத்தில் பொலிஸ் விசேட அதிரடிப்படையின் பயிற்சிப் பள்ளியும் கட்டுகுருந்தையில் அமைந்தது. போரினின்றும் விளையாட்டு இரவல் வாங்கிய நிலம், மறுபடி போருக்கே திரும்பியது.

நம்மிடம் மசில் கார் செய்யும் தொழிற்சாலை இல்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி அடிக்கடி அடைபடும் நாடு இது. ஆகவே இங்கே பந்தய வண்டி என்பது பழைய போர்ட் லேசர், பழைய மஸ்டா. அவ்விரண்டிற்குமென்றே 1300 சி.சி. வகுப்பொன்று நம் போட்டிகளில் உண்டு. அவற்றின் உருளைகளைக் கடைந்து, தலைப்பாகத்தைத் தேய்த்து, இல்லாத உதிரிப்பாகத்தைத் தானே வார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கின் கைத்திறன், கலிபோர்னிய ஏரிப் படுகையில் முதலிற் கண்ட அதே திறன்தான். கிண்ணம் வாங்குபவனின் படத்தில் அவன் நிற்பதில்லை. இயந்திரத்தின் மீது நம் மாணவர் கொண்டுள்ள காதலை வெறும் மேனாட்டு மோகமென்று தள்ளிவிடும் ஆசிரிய நண்பர்களோடு நான் உடன்படாமைக்கு இதுவே காரணம்.

இருப்பினும் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்கவேண்டும். 2022இல் நாடு கடனிறுக்க இயலாது நின்றபோது, எரிபொருள் வரிசைகளிலே காத்திருந்த முதியோர் சிலர் அவ்விடத்திலேயே மாண்டனர். கொழும்புப் பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் வந்த பங்கீட்டு முறையில் ஒரு காருக்கு வாரத்திற்கு 20 லீற்றர். முச்சக்கர வண்டிக்கு 5. மோட்டார் சைக்கிளுக்கு 4. அமெரிக்கக் கால்மைல் மைதானங்களின் உச்ச வகுப்பு வண்டியோ, சக்கரத்தைச் சூடேற்றி ஒருமுறை ஓடி முடிப்பதற்கு 40 லீற்றருக்கு மேல் எரிக்கின்றது. தொழிற்சாலையே நேராகப் பந்தயத்திற்குச் செய்யும் வழக்கமும் அங்கே புத்துயிர் பெற்றுவிட்டது. 2018ஆம் ஆண்டு மாதிரியாக வந்த சலஞ்சர் 'டீமன்' 840 பரிவலுவோடு கால்மைலை 9.65 வினாடியிற் கடந்தது. பாதுகாப்புக் கூண்டு இன்றி அவ்வளவு வேகமாக ஓடலாகாதென்று ஹொட் ரொட் சங்கமே அதனை விலக்கிற்று. விலக்கப்பட்டதே அதற்கு விளம்பரமுமாயிற்று.

பாதுகாப்பென்பது ஓட்டுநருக்கு மாத்திரம் உரியதன்று. 2024 ஏப்ரல் 21ஆம் நாள், தியத்தலாவையில் ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நடந்த பொக்ஸ் ஹில் போட்டியில், ஒரு வண்டி பாதையை விட்டுப் பாய்ந்து பார்வையாளரிடையே புகுந்தது. எழுவர் மாண்டனர். எட்டு வயதுச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. இருபதிற்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பந்தயப் பாதையின் விளிம்பிலே நிற்பவன் பெரும்பாலும் தொலைவிலிருந்து பஸ் பிடித்து வந்தவன். உயர்ந்த மேடையில் இருக்கைக்குப் பணம் கொடுக்க இயலாதவன். தேர்க்காலிற் கன்று மடிந்ததற்குத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதையை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அக்கதையிற் பசு மணியடித்தது. மணி அங்கே தொங்கவிடப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் நன்று.

கடலைக் கடந்து தமிழகம் சென்றாலும் ஓடுபாதையிலேயே இறங்கவேண்டியிருக்கின்றது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையையொட்டிய சோழவரத்தில் உலகப் போர்க்கால விமானத்தளம் ஒன்று கிடந்தது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1950களிலிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கே போட்டிகளை நடத்திற்று. இலங்கையிலிருந்தும் ஓட்டுநர் சென்றதுண்டு. வைக்கோற் கட்டுகளே வேலி. அதற்கப்பால் பல்லாயிரம் மக்கள். கோண்டல் அரச குடும்பத்தவர் அயல்நாட்டு இயந்திரங்களோடு வந்தனர். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா பார்முலா ஒன் வகை 'என்சைன்' வண்டியையே கொணர்ந்து ஓட்டினார். சாதாரண இந்தியக் குடிமகன் ஒரு ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலம் அது. மறுபக்கத்தில் அம்பாசடர், பியட், ஹெரால்ட் ஆகிய மூன்று வண்டிகளையே மாற்றி மாற்றிப் பட்டை தீட்டிய கராஜ்காரர் கூட்டம். சோழவரத்துக் கூட்டம் கைதட்டி மகிழ்ந்தது பெரிதும் இவ்விரு உலகங்களின் மோதலுக்காகவே என எண்ணுகிறேன்.

கோவை ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன் என்பவர் 1980களின் இறுதியில், மாருதி 800இன் இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உள்நாட்டிலேயே செய்வித்தார். அரசகுமாரரல்லாதவரும் ஓட்டத்தக்க விலையில் வண்டி கிடைத்தது. 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செய்தவர் ஆலை முதலாளி என்பதற்காக இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயினும் அதன்பின் பார்முலா ஒன் மேடைவரை சென்ற இரு தமிழ்நாட்டு இளைஞரும், 2005இல் நரேன் கார்த்திகேயனும் 2010இல் கருண் சந்தோக்கும், பந்தயமே குடும்ப மரபாகவுடைய வீட்டுப் பிள்ளைகளாயிருந்தமை கருதற்குரியது.

1990இல் கழகம் சோழவரத்தை விட்டு, சிறிபெரும்புதூருக்கருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனச் சொந்தப் பாதை அமைத்துக்கொண்டது. கால்மைல் ஓட்டத்தின் தேசியப் போட்டிகள் அங்கே நடந்துள்ளன. ஓடுபவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள். அவற்றை ஓட்டுவோருள் மெக்கானிக்குகளும் உளர். அதே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பந்தயப் பாதையும் வண்டி செய்யும் பட்டையும், டிட்ரொயிட்டில் இருந்தவாறே, ஒரே ஊரில் அயலாயின. தமக்கென ஒரு சங்கம் அமைத்து அதற்கு அங்கீகாரம் கேட்ட ஹூண்டாய்த் தொழிலாளர் 2009இல் வேலைநிறுத்தம் செய்தனர். 2010 யூனில், வேலை நீக்கப்பட்ட தோழர்களை மீளச் சேர்க்கக் கோரித் தொழிற்சாலையின் உள்ளேயே அமர்ந்துவிட்டனர். பட்டை நின்றது. என் வகுப்பு மாணவர் அறிந்த எந்தப் பட்டியலிலும் இல்லாத நிகழ்ச்சி இது. அடுத்த தவணையில், பரிவலுக் கணக்கு முடிந்த கையோடு, இதனையும் கரும்பலகையில் எழுத எண்ணியுள்ளேன்.